மருத்துவப் படிப்புக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது? செஞ்சி வட்டத்தை முன்வைத்து ஒரு பரிசீலனை

மருத்துவக் கல்லூரிகளில் இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறது. வகுப்புவாரிப் பங்கீடு, மாவட்டவாரிப் பங்கீடு, நேர்காணல், மாநில நுழைவுத் தேர்வு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், நீட், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு என்று பல முறைகள் வந்துபோயின. பெரும்பாலும் ஒன்றின் குறையிலிருந்தே அடுத்தது பிறந்தது.

இந்த விவாதத்துக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எந்த முறை மாணவருக்கு நியாயமானது என்பது முதலாவது. எந்த முறை நல்ல மருத்துவராகக்கூடியவரை அடையாளம் காண்கிறது என்பது இரண்டாவது. எந்த முறையில் சேர்ந்தவர் மருத்துவர் தேவைப்படும் ஊரில் வந்து நிற்கிறார் என்பது மூன்றாவது. முதல் கேள்வி நீதிமன்றங்களிலும் சட்டமன்றத்திலும் விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. இரண்டாவது அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. மூன்றாவது கேள்விக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு வட்டத் தலைநகரம் பொருத்தமான இடம் என்பதால், இக்கட்டுரை செஞ்சியை முன்வைத்து இந்த விடைகளைப் பரிசீலிக்கிறது.

செஞ்சி எனும் அளவுகோல்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய கோட்டைதான் செஞ்சிக்கு வெளியுலகில் பெயர் தந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராத்தியப் படைத்தளத் தொகுப்பின் 12 கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே. வட்டத்தில் வாழ்பவர்களுக்கோ செஞ்சி என்பது நெல்லும் மணிலாவும் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், அரசு மேல்நிலைப் பள்ளிகள், அரசு மருத்துவமனை. வயல் வேலை நடக்கும் பகுதிகளின் மருத்துவமனைகளுக்கு என்னென்ன வருமோ அவையே இங்கும் வரும்: பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் அடிபட்டவர், பிரசவம். நிலைமை மோசமானால் 108 வண்டி முண்டியம்பாக்கத்துக்கு ஓடும்.

முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2010-ல்தான். செஞ்சி 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பெரிய மாவட்டத்தில் 1985-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் தொடங்கிய கல்லூரி உண்டு. அரசே தொடங்கி நடத்திய மருத்துவக் கல்லூரி கிடையாது. இன்று நிலைமை வேறு. மேற்கே திருவண்ணாமலை, தெற்கே முண்டியம்பாக்கம், 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி ஆகிய மூன்றிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் புதுச்சேரியில் உள்ளது. கட்டடம் அருகே வந்துவிட்டது. அதன் வாசலைக் கடப்பதற்கான வழி அருகே வந்ததா என்பதுதான் விவாதம்.

தொடக்க விடைகள்: 1835 முதல் 1951 வரை

1835-ல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் நோக்கம் படைக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் உதவியாளர்களைத் தயாரிப்பது. அது 1850-ல் கல்லூரியானது. 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் அங்கே சேர்க்கப்பட்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போராடிய பெண்கள் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார்கள். சென்னையிலேயே படித்து 1912-ல் முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்றார். வாசல் யாருக்குத் திறக்க வேண்டும் என்ற கேள்வி இங்கே முதலில் பெண்களை வைத்தே எழுந்தது எனலாம்.

சாதியை வைத்து எழுந்த கேள்வி இன்னும் ஆழமானது. நீதிக்கட்சியின் முன்னோடிகளான சி. நடேச முதலியாரும் டி.எம். நாயரும் மருத்துவர்கள் என்பது தற்செயல் அல்ல. தொழிற்படிப்பில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை அவர்கள் உள்ளிருந்து பார்த்தவர்கள். மருத்துவக் கல்லூரியில் சேரச் சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீதிக்கட்சி ஆட்சியின் முதல்வரான பனகல் அரசர் நீக்கினார் என்று திராவிட இயக்க வரலாற்றில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்கு எழுதப்பட்ட விதியாக இருந்தது என்று கேட்பவர்களும் உண்டு. சிலருக்கு மட்டும் வீட்டிலேயே கிடைத்த கல்வி மற்றவர்களுக்குத் தடையாக நின்றது என்ற மையக் கருத்து அந்தச் சந்தேகத்தால் குறைவதில்லை.

1920-களில் வந்த வகுப்புவாரி அரசாணை, சுதந்திரத்துக்குப் பின் கல்லூரி இடங்களை 14-ன் மடங்குகளாகப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று அரிசனர் என்று குறிக்கப்பட்ட பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் அந்த அரசாணையை ரத்து செய்தது. சில வாரங்களிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. இன்றைய 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு அந்த வழியில் வளர்ந்து, 1993-ன் சட்டத்தாலும் 1994-ன் 76-வது திருத்தத்தாலும் நிலைபெற்றது. எந்த நுழைவு முறை வந்தாலும் அது இந்த ஒதுக்கீட்டின் மீதுதான் பொருத்தப்படுகிறது. ஆகவே தமிழ்நாட்டில் ‘ஒதுக்கீடா, தேர்வா’ என்ற எதிர்நிலை பொருந்தாது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் யாரை எடுப்பது என்பதே நடைமுறைக் கேள்வி.

மாவட்டப் பங்கீடும் நேர்காணலும்

1960-களில் சென்னை மாநில அரசு மருத்துவ இடங்களை மாவட்டங்களுக்கு மக்கள்தொகைப்படி பகிர்ந்தது. செஞ்சி போன்ற ஊர்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய முதல் விடை இது என்று வாதிட இடமுண்டு. தென்னாற்காட்டுக்கென்று ஒரு பங்கு இருந்தால், போட்டி மாவட்டத்துக்குள்ளேயே முடியும். 1968-ல் பி. ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் நுழைய, வேறொரு மாவட்டத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்பது சமத்துவத்துக்கு முரண் என்றது. அடுத்து வந்த கல்லூரித் தொகுதிவாரித் தேர்வும் பெரியகருப்பன் வழக்கில் நிலைக்கவில்லை. நேர்காணலுக்கு அளவுக்கு மீறி மதிப்பெண் வைத்ததும் அந்த வழக்கில் கண்டனத்துக்கு உள்ளானது. சில நிமிட உரையாடலில் மதிப்பெண் போடும் முறை, பரிந்துரைக்கும் செல்வாக்குக்கும் வழி திறக்கும் என்ற அச்சம் நியாயமானதே.

மாவட்டப் பங்கீடு கைவிடப்பட்ட விதத்தில் ஒரு குறை இருக்கிறது. எந்த மாவட்டத்தில் பிறந்தவர் எந்த மாவட்டத்தில் பணியாற்றுகிறார் என்ற கேள்வியோடு அதை அரசு இணைத்துக் காட்டவில்லை. இணைத்திருந்தால் வாதத்தின் பலம் வேறாக இருந்திருக்கலாம். ஜப்பானில் 1972-ல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் அப்படித்தான் கட்டப்பட்டது: ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் சிலர், கட்டணம் இல்லை, பட்டம் பெற்றபின் சொந்த மாகாணத்தில் அது குறிக்கும் இடத்தில் 9 ஆண்டுக் காலத்துக்கான பணிக் கடமை.

மாவட்டப் பங்கீட்டுக்கு இருண்ட பக்கமும் உண்டு. இலங்கையில் 1971-ல் மொழிவாரித் ‘தரப்படுத்தல்’ வந்தபோது, மருத்துவ பீடத்துக்கு 400-க்குத் தமிழ் மாணவர் 250 மதிப்பெண்ணும் சிங்கள மாணவர் 229 மதிப்பெண்ணும் பெற வேண்டியிருந்தது. பின்னர் அது மாவட்ட அடிப்படைக்கு மாறியது. இன்று அங்கே 40 விழுக்காடு நாடு தழுவிய தகுதி, 55 விழுக்காடு மாவட்டம், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டம் என்ற முறை இருக்கிறது. முல்லைத்தீவு, மன்னார் போன்ற தமிழ் மாவட்டங்களுக்கும் மாவட்ட முறையால் இடம் கிடைத்தது என்பதும், யாழ்ப்பாண மாணவர்களின் கசப்பு ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது என்பதும் சேர்ந்தே சொல்லப்பட வேண்டியவை. பங்கீட்டின் கணக்கைப் போலவே அதைக் கொண்டுவருபவரின் நோக்கமும் விளைவைத் தீர்மானிக்கிறது.

மதிப்பெண்ணா, நுழைவுத் தேர்வா: 1984 முதல் 2016 வரை

நேர்காணலின் மீதிருந்த சந்தேகம் எழுத்துத் தேர்வை நோக்கித் தள்ளியது. எம்.ஜி.ஆர் ஆட்சியில் 1984-ல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என 300-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது. நகரப் பயிற்சி மையங்களுக்கு அருகில் இருந்தவர்கள் அந்த 100-ல் முந்தினார்கள் என்பதே எதிர்ப்பின் சாரம். இதைச் சரிக்கட்ட 1990-களின் பிற்பகுதியில் கிராமப்புறப் பள்ளி மாணவருக்கு 15 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பின் அதை 25 ஆக்கும் முயற்சி நடந்தது. உயர் நீதிமன்றத்தில் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. செஞ்சி வட்டத்துப் பள்ளிகளுக்கு நேராகக் குறிவைத்த இரண்டாவது விடையும் இப்படி முடிந்தது.

மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையைப் பின்பற்றி இயற்றப்பட்ட சட்டத்தால் 2007 சேர்க்கை முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் போனது. உயிரியலை 100-க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி 200-க்குக் கட்-ஆஃப் போடப்பட்டது. இதற்குச் சொல்லப்படும் நியாயம் வலுவானது: பள்ளியில் நடத்திய பாடத்திலேயே போட்டி, தனியாகப் பயிற்சிக் கட்டணம் வேண்டாம். ஆனால் போட்டி இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. நாமக்கல் பகுதியின் விடுதிப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதவைத்துப் புகழ்பெற்றன. நிலத்தை அடகு வைத்து நாமக்கல்லுக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் வடமாவட்டங்களில் ஏராளம். கட்-ஆஃப் 200-ஐ நெருங்கியபோது கால், அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறியது. ஒரே மதிப்பெண் பெற்றவர்களைப் பிரிக்கக் கடைசியில் ரேண்டம் எண் வரை போக வேண்டியிருந்தது. அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்திலும் சொற்பமே. நீட்டுக்கு முந்திய காலத்தைப் பொற்காலமாக எழுதுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீட்: வாதங்களும் அவற்றின் இடைவெளிகளும்

2013-ல் முதன்முறை நடந்த நீட் தேர்வை அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு 2016 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டுக்கு ஓராண்டு மட்டும் அவசரச் சட்டத்தால் விலக்கு கிடைத்து, 2017 முதல் நீட் கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1200-க்கு 1176 பெற்றிருந்தும் இடம் கிடைக்காமல் அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று உயிரிழந்தார். தமிழ்நாட்டில் நீட் ஒரு தேர்வு மட்டுமாக இருந்த காலம் அன்றோடு முடிந்தது.

நீட்டுக்கு ஆதரவான வாதங்களில் இரண்டு எடையுள்ளவை. ஒன்று, தனியார் கல்லூரிகள் தத்தம் தேர்வு நடத்திப் பணத்துக்கு இடம் கொடுத்த நிலை பெருமளவு கட்டுக்குள் வந்தது. மற்றொன்று, வெவ்வேறு பாடத்திட்ட மாணவர்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிகிறது. முதல் வாதம் பாதி உண்மை. தகுதிக்கான எல்லை சதமான அடிப்படையில் வைக்கப்படுகிறது. பொதுப் பிரிவினர், தேர்வு எழுதிய அனைவரின் நடுப்புள்ளியைத் தொட்டாலே போதும். 2024-ல் 720-க்கு 162 பெற்றவரும் தகுதியானவர். பட்டியலில் கீழே இருந்தும் நிர்வாக ஒதுக்கீட்டின் பல லட்ச ரூபாய் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்த முடிந்தவருக்கு வாசல் திறக்கிறது. மேலே இருந்தும் செலுத்த முடியாதவருக்கு அடைகிறது. இரண்டாவது வாதத்தின் பலவீனம், அந்த அளவுகோல் மத்தியப் பாடத்திட்டத்துக்கு நெருக்கமாக இருப்பது. மாநிலப் பாடநூல்கள் 2018-க்குப் பின் திருத்தப்பட்டதால் இந்த இடைவெளி ஓரளவு சுருங்கியது.

எதிர்ப்பின் ஆதாரங்களைத் தொகுத்தது 2021-ல் அமைந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு. அதன் அறிக்கையில் மிகவும் கவனிக்க வேண்டிய எண், மறுமுறை எழுதிச் சேர்ந்தவர்களைப் பற்றியது: 2016-17-ல் சுமார் 12 விழுக்காடாக இருந்த அவர்கள் 2020-21-ல் 71 விழுக்காட்டைத் தாண்டினர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டோ ஈராண்டோ வேலைக்குப் போகாமல் பயிற்சி மையத்தில் அமர முடிந்தவர்களுக்கே இடம் கிடைக்கிறது என்பது இதன் பொருள். தமிழ்வழி மாணவர்களின் பங்கு சரிந்ததையும் அறிக்கை காட்டியது. விலக்குச் சட்டம் 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

2024 தேர்வின் வினாத்தாள் கசிவும் 1563 பேருக்குத் தந்து திரும்பப் பெற்ற கருணை மதிப்பெண்ணும் நம்பிக்கையைக் குலைத்தன; தேர்வு முழுவதையும் ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்தது. அது நிர்வாகக் குறை, திருத்தக்கூடியது. திருத்திய பின்னும் மறுமுறை எழுதுவோரின் ஆதிக்கம் அப்படியே இருக்கும் என்பதால், நீட் பற்றிய மதிப்பீடு கசிவை மையமாக வைத்து அமைவது பொருத்தமில்லை.

7.5 விழுக்காடு

நீதிபதி பி. கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைக்க, அரசு 7.5 விழுக்காட்டை ஏற்று 2020-ல் சட்டமாக்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் இந்தப் பங்கு உள் ஒதுக்கீடாகக் கிடைக்கிறது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். முதலாம் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்ந்து 400-ஐ ஒட்டிய இடங்கள் இவர்களுக்கு ஒதுங்கின. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022-ல் உயர் நீதிமன்றமும் சட்டத்தை உறுதிசெய்தது.

இதுவரை வந்த விடைகளில் செஞ்சி அரசுப் பள்ளி மாணவியின் வீட்டு வாசல்வரை வந்தது இதுவே என்று தயங்காமல் சொல்லலாம். நடைமுறையில் அவர் கையில் வைத்திருக்க வேண்டியவை: நீட் மதிப்பெண் அட்டை, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று. இடையில் ஓராண்டு கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிக்குப் போயிருந்தாலும் உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களும் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் பலரின் குடும்ப நிலை அரசுப் பள்ளி மாணவரிலிருந்து வேறுபட்டதல்ல. மறுமுறை எழுதுபவர்கள் இந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் இப்படிச் சிலர் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். கோட்டை அவ்வப்போது திருத்துவதே வழி.

ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல்

மதிப்பெண் நல்ல மருத்துவரைக் காட்டுமா என்ற இரண்டாவது கேள்விக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தனி விடை வைத்திருந்தது. ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த அந்நிறுவனம், எழுத்துத் தேர்வில் வடிகட்டியவர்களை வளாகத்துக்கு அழைத்து, குழுச் செயல்களிலும் நேர்காணலிலும் கவனித்துத் தேர்ந்தெடுத்தது. திருச்சபைகள் பரிந்துரைத்தவர்கள் படித்து முடித்துக் கிராம மருத்துவமனைகளில் பணியாற்றும் கடமையும் இருந்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியதோடு அந்தத் தனிவழிக்கு இடமில்லாமல் போனது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பல நிலைய நேர்காணல், ஒருவரின் விருப்பு வெறுப்பு முழு முடிவையும் தீர்மானிக்காதபடி பல மதிப்பீட்டாளர்களிடையே பகிர்கிறது. நெதர்லாந்து 1972 முதல் பல ஆண்டுகள் மதிப்பெண்ணுக்கு எடை தந்து குலுக்கல் நடத்தியது. 2017-ல் கைவிட்டு, 2023-ல் கல்லூரிகள் விரும்பினால் குலுக்கலாம் என்று மீண்டும் அனுமதித்தது. லட்சக்கணக்கானோர் எழுதும் இந்தியத் தேர்வுக்கு நேர்காணலைப் பொருத்துவது கடினம். குலுக்கல் இங்கே பேசப்படுவதே இல்லை. ஓரிரு மதிப்பெண் இடைவெளியில் நிற்பவர்களிடையே திறன் வேறுபாடு உண்மையில் உண்டா என்ற கேள்வியை அது நேர்மையாக எழுப்புகிறது. கட்-ஆஃப் காலத்து ரேண்டம் எண் அந்தக் கேள்வியின் சிறு வடிவம்தான்.

உள்ளே நுழைந்த பின்

நுழைவு பற்றிய எழுத்தோடு ஒப்பிட்டால் படிப்பைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் காலமும் சேர்ந்ததுதான் எம்.பி.பி.எஸ். முதல் கட்டத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். அடுத்து நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். பின்னர் சமூக மருத்துவம், தடயவியல், கண், காது மூக்கு தொண்டை. முடிவில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம்.

தமிழ்வழியில் வந்தவருக்குக் கடுமையானது முதல் கட்டம். அறுத்துப் பார்க்கும் அறையில் ஒரு உடலைச் சுற்றி மாணவர் கூட்டம்; நரம்பும் தமனியும் ஆங்கிலப் பெயர்களில்; வாரந்தோறும் தேர்வு, அதற்கு மேல் வைவா எனும் வாய்மொழித் தேர்வு. விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் கோவையாகச் சொல்ல வராமல் வைவாவில் வாயடைத்து நிற்பது வழக்கம். இதைத் திறமைக் குறைவாகப் படிப்பது பெரும் தவறு. வார்டுக்குப் போகும் கட்டத்தில் நிலைமை மாறுகிறது. நோயாளி பேசுவது தமிழ், அதுவும் வட்டார வழக்கு. கூலி வேலைக்குப் போகும் பெண்ணிடம் எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பது, அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியும். சேர்க்கையின் போது மதிப்பெண்ணாக மாறாத இந்த அறிவு சிகிச்சையின் முதல் பாதியான நோய் விசாரிப்பில் பயன்படுகிறது. அதற்குள் மாணவர் முதல் கட்டத்தில் துவண்டுவிடாமல் பார்ப்பது கல்லூரியின் பொறுப்பு.

பயிற்றுமொழிக் கேள்வி பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். இன்று முழுத் தமிழ்வழி மருத்துவம் உயர்படிப்புக்கும் பிறமாநில வாய்ப்புக்கும் தடையாகும் என்ற அச்சம் பொருளற்றதல்ல. முதலாண்டில் இருமொழி விளக்கம், வைவாவில் தமிழும் கலந்து விடையளிக்கும் அனுமதி என்ற இடைப்பட்ட வழிகளுக்கு அத்தகைய தடை ஏதும் தெரியவில்லை.

2019-ல் வந்த திறன்சார் பாடத்திட்டம் அடிப்படை அறிமுகம், நோயாளியிடம் பேசும் பண்பு, பின்னர் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனித்தல் ஆகியவற்றைச் சேர்த்தது. 1946-ல் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு கனவு கண்ட, சமூகத்தைப் புரிந்த அடிப்படை மருத்துவரின் சாயல் இதில் உண்டு. அதே குழுதான் குறுகிய காலப் படிப்பான எல்.எம்.பி-யை விட்டு ஒரே தரமான பட்டத்தை நோக்கிப் போகச் சொன்னது; அதில் குழுவுக்குள்ளேயே மாற்றுக் கருத்து இருந்தது. கிராமத்துக்கு மருத்துவர் கிடைக்காமல் போக அந்த முடிவும் காரணமா என்ற வாதம் இன்றும் அவ்வப்போது எழுகிறது. கிராமத்துக்கு ஒரு தரம், நகரத்துக்கு ஒரு தரம் என்ற பிரிவினைக்கு அது இட்டுச் செல்லும் என்ற மறுப்பே வலுவானது.

பயிற்சி மருத்துவர் ஆண்டின் 52 வாரங்களை 2021 விதிகள் பங்கிட்டிருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. சமூக மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேறுக்கு 7, மருத்துவத்துக்கும் அறுவைக்கும் தலா 6; அவசரப் பிரிவுக்கு 2 வாரம். வட்ட மருத்துவமனையின் இரவுப் பணியை நினைத்தால் கடைசி எண் உறுத்துகிறது. ஒரு பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளலாம். சில மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சுமுறி மருந்து தொடங்க வேண்டும். சோதனைக்கு ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும். பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலும், பொறுமையிழந்து நடுவில் அசைத்தாலும் முடிவு தவறிவிடும். இமை தொங்குகிறதா, மூச்சு தளர்கிறதா என்று அதே நேரத்தில் பார்க்க வேண்டும். நஞ்சுமுறியே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதைத் தேர்வில் சரியான விடையாகக் குறிப்பவரும் வார்டில் பத்து முறை செய்தவரும் ஒன்றல்ல. பயிற்சி ஆண்டு முதுநிலை நீட்டுக்குப் படிக்கும் ஆண்டாகச் சுருங்கிப்போவது பற்றிய மூத்த மருத்துவர்களின் கவலை இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

திரும்பி வருவது

கிராமத்தில் வளர்ந்தவர் கிராமத்தில் பணியாற்றும் வாய்ப்பு கூடுதல் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த முடிவு. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரைகளிலும் கிராமப்புறப் பின்னணி கொண்ட மாணவர் சேர்க்கை முன்னிடம் பெற்றது. வாய்ப்பு கூடும் என்பது உறுதி அல்ல. பணிச்சூழல், குடியிருப்பு, உயர்படிப்பு வழி எல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

தமிழ்நாடு இதில் பயனுள்ள ஒரு விடையை வைத்திருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் பாதியை ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சில ஆண்டு வேலை, பின் முதுநிலை, பின் மாவட்ட மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர் என்ற ஏணி அது. இந்திய மருத்துவ கவுன்சிலின் விதிகளால் அது தடைபட்டது. இத்தகைய ஒதுக்கீட்டுக்கு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயக் கிராமப் பணியைவிட இந்த ஏணி நீடித்த பயன் தரும் என்று கருத இடமுண்டு. இளம் மருத்துவரின் சொந்த முன்னேற்றமும் வட்ட மருத்துவமனையின் தேவையும் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன.

இடங்களைப் பெருக்குவதே போதும் என்ற நிலைப்பாடும் உண்டு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசுக் கல்லூரிகள் திறந்ததால் 1450 இடங்கள் கூடின. பத்து லட்சம் பேருக்கு 100 இடம் என்ற வரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் தள்ளிவைத்தது. மாநிலச் சராசரியைக் காட்டி இடங்கள் போதும் என்பது, சென்னையின் மருத்துவர் நெரிசலைக் காட்டி, செஞ்சியை அடுத்த மேல்மலையனூருக்கும் போதும் என்பதாகும். இன்னொரு பக்கம், ஆசிரியர் இல்லாத கல்லூரியில் இடம் கூட்டினால் மேலே சொன்ன கண்ணாடிக் குழாய்ச் சோதனையைக் கற்றுத்தர ஆள் இருக்காது.

திறந்திருக்கும் கேள்விகள்

இதுவரை கண்டவற்றில் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எந்தத் தேர்வும் மாணவரின் திறனோடு சேர்த்து அவருக்குக் கிடைத்த தயாரிப்புக் காலத்தையும் அளக்கிறது. 300 கட்-ஆஃப், 200 கட்-ஆஃப், நீட் மூன்றிலும் இதுவே நடந்தது, நீட்டில் அதன் விலை கூடியது. தயாரிப்பின் ஏற்றத்தாழ்வை நேராக எதிர்கொண்ட ஏற்பாடுகளில் 7.5 விழுக்காடு மட்டுமே நீதிமன்றத்தில் நிலைத்து, எண்ணிக்கையிலும் பலன் காட்டியுள்ளது. நீட் நீடித்தாலும் நீங்கினாலும் அதற்கான தேவை மறையாது.

தெளிவாகாதவை இன்னும் பல. நீட் நீங்கினால் மீண்டும் நாமக்கல் பாணி வருமா, அல்லது 2018 முதல் சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் புதிய பாடநூல்களும் அதைத் தடுத்திருக்குமா என்பது ஒன்று. அந்தப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் விலக்கப்பட்டதை மதிப்பிடும்போது இந்தக் கோணமும் கவனிக்கப்பட வேண்டும். உதவி பெறும் பள்ளி மாணவரை எப்படிச் சேர்ப்பது என்பது மற்றொன்று. மாவட்டப் பங்கீட்டைப் பணிக் கடமையோடு இணைத்து, மாணவர் விரும்பினால் தேர்ந்துகொள்ளும் ஒரு சிறு பகுதியாகக் கொண்டுவந்தால் 1968-ன் தீர்ப்பைத் தாண்ட முடியுமா என்பது சட்ட அறிஞர்கள் ஆராய வேண்டியது.

மிக முக்கியமான கேள்விக்கான சான்று இப்போதுதான் உருவாகிறது. 7.5 விழுக்காட்டில் 2020 இறுதியில் சேர்ந்த முதல் அணி, நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் கடந்து 2026-ஐ ஒட்டி மருத்துவராகப் பதிவு பெறும் நிலைக்கு வருகிறது. அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்தார்கள், எத்தனை பேர் சொந்த மாவட்டத்தில் நின்றார்கள் என்பதைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பட்டியலையும் பணி நியமனப் பதிவேட்டையும் இணைத்துப் பார்த்தால் அறியலாம். பெயர்களை நீக்கி அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டால், செஞ்சி போன்ற ஒவ்வொரு வட்டமும் தனக்கு எந்தச் சேர்க்கை முறை மருத்துவரைத் தந்தது என்று பார்க்க முடியும். அதே கணக்கை நீட்டுக்கு முந்திய அணிகளுக்கும் எடுத்து ஒப்பிடுவது அடுத்த பணி.